போர்க்காலத்தில் ஏழைக்கு வைத்தியம் ஏன் எட்டுவதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரும் பொதுச் சுகாதாரமும் பற்றி மாணவர்களிடமும் வாசகர் வட்டங்களிலும் பேசி வருகிறேன். பேச்சு முடிந்ததும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடிந்த மருத்துவமனைதான் படத்தில் தெரியும். ஏழையை வைத்தியத்திடமிருந்து பிரிப்பதில் வண்டி வாடகை, நின்றுபோன சம்பளம், ஏறிய மருந்து விலை, கையில் இல்லாத ஒரு அட்டை ஆகியவற்றுக்கும் அதே அளவு பங்கு உண்டு. இவற்றில் பலவும் யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவுகளின் விளைவு.

1. குண்டு பணக்காரன், ஏழை என்று பார்த்தா விழுகிறது? எல்லோருக்கும் ஒரே ஆபத்துதானே?

விழுகிற நொடிக்கு மட்டும் அது பொருந்தலாம். அதற்கு முந்தைய மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் பொருந்தாது. பணம் இருப்பவர் சண்டை நெருங்கும் முன்பே குடும்பத்தை வெளியே அனுப்பிவிடுகிறார். தங்கியே ஆகவேண்டும் என்றாலும் தனியார் மருத்துவமனை, சொந்த வண்டி, ஜெனரேட்டர், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் டாலர் என்று ஏதோ ஒரு பிடிமானம் இருக்கும். தினக்கூலிக்காரருக்கோ ஊரை விட்டுக் கிளம்புவதே பெருஞ்செலவு. நிலத்தை விட்டால் பிழைப்பே இல்லாதவர் கிளம்ப யோசித்துக்கொண்டே இருப்பார். அதற்குள் சாலை அடைபட்டுவிடும்.

தவிர, ஏழை போருக்குள் போகும்போதே பலவீனமாகத்தான் போகிறார். தடுப்பூசி விட்டுப்போன குழந்தை, ரத்தசோகை உள்ள கர்ப்பிணி, ஒரு வாரச் செலவுக்கு மேல் சேமிப்பில்லாத வீடு. போர் தொடங்குவதற்கு முன்பே அந்த வீட்டில் பாதிச் சேதம் நடந்துவிட்டது.

2. போரில் சாகிறவர்கள் குண்டடி பட்டுத்தானே சாகிறார்கள்? இதில் கிளினிக், மருந்து எல்லாம் எங்கே வந்தது?

நீண்டு போகிற போர்களில், ஏழை நாடுகளில் குறிப்பாக, கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1998 முதல் 2007 வரை காங்கோ ஜனநாயகக் குடியரசில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த மரணங்கள் 54 லட்சம் என்று சர்வதேச மீட்புக் குழு தன் கள ஆய்வுகளிலிருந்து மதிப்பிட்டது. இது மிகை என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அந்த ஆய்வுகள் காட்டிய இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: பெரும்பாலானோர் மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டக்குறைவு ஆகியவற்றால் இறந்தார்கள். நேரடி வன்முறையில் இறந்தவர்கள் சிறு பகுதிதான்.

ஏமனில் 2016-ல் தொடங்கிய காலராவில், 2017 முடிவதற்குள் சந்தேகத்துக்குரிய நோயாளிகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. உப்புச் சர்க்கரைக் கரைசலும், முற்றிய நிலையில் நரம்பு வழியே ஏற்றும் திரவமும் நேரத்துக்குக் கிடைத்தால் காலராவில் நூற்றுக்கு ஒருவர்கூடச் சாகத் தேவையில்லை. கிடைக்காவிட்டால், கடுமையாகத் தாக்கப்பட்டவர் சில மணி நேரத்திலேயே இறக்கலாம். கரைசல் பொட்டலம் மிக மலிவானது. அது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் ஏழைக்கு விலை உயர்ந்தது.

3. செஞ்சிலுவைக்காரர்கள், எல்லைகளற்ற மருத்துவர்கள் எல்லாம் காசு வாங்காமல்தானே பார்க்கிறார்கள்? அப்புறம் பணம் எதற்கு?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். டாக்டரின் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பங்கு மட்டுமே. அங்கே போக வண்டி வேண்டும். நோயாளிக்குத் துணையாக இன்னொருவர் போக வேண்டும். அவருடைய அன்றைய கூலி போய்விடும். வீட்டில் விட்டுவந்த குழந்தைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்திருந்தால் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெளிக்கடையில் வாங்க வேண்டும். கையுறை, ஊசி, நூல்கூட நோயாளியே வாங்கி வரவேண்டிய ஆஸ்பத்திரிகள் போர்ப் பகுதிகளில் ஏராளம்.

பத்து மாதக் குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் 50 அல்லது அதற்கு மேல் வருகிறது. அந்த வயதுக்கு அது நிமோனியாவின் அடையாளம். தண்ணீரில் கரையும் அமாக்ஸிசிலின் மாத்திரையைச் சில நாள் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். ஆனால் அந்தத் தாயிடம் இருப்பது மூன்று நாள் உணவுக்கான பணம். இன்று வண்டி பிடித்தால் அது தீர்ந்துவிடும். நாளை தானாகச் சரியாகிவிட்டால்? அவர் ஒரு இரவு பார்க்கலாம் என்று முடிவெடுக்கிறார். விடியும்போது குழந்தையின் விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது தேவை மாத்திரை இல்லை, ஆக்சிஜன். அது இன்னும் தூரத்தில் இருக்கிறது.

தாய்மார் மரணத்தை ஆராய்ந்தவர்கள் 1990-களில் இதை மூன்று தாமதங்கள் என்று பிரித்தார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். வறுமை மூன்றையும் நீட்டும், போரும் மூன்றையும் நீட்டும். கீழே வரும் பல பதில்களில் இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பத்து கிலோமீட்டர்தான் தூரம் என்கிறார்கள். அதற்கு இவ்வளவு வாடகையா?

வரைபடத் தூரத்தை நம்ப வேண்டாம். ஏமனின் தைஸ் நகரில் சண்டை எல்லை ஊருக்குக் குறுக்கே விழுந்தது. முன்பு சில நிமிடங்களில் கடந்த பாதைக்குப் பதிலாக, மலைச் சாலைகளைச் சுற்றி ஐந்தாறு மணி நேரம் போக வேண்டியதாயிற்று. முக்கியப் பாதை ஒன்று 2024 ஜூனில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே பிரசவ வலி எடுத்தவர்களையும் மாரடைப்பு வந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

எரிபொருள் கிடைக்காமல் கள்ளச்சந்தை விலைக்குப் போகும். ஓட்டுநர் தன் உயிருக்கும் வண்டிக்கும் சேர்த்துத்தான் கேட்பார். வழியில் சோதனைச் சாவடிகள் வேறு. காங்கோவின் வடக்கு, தெற்குக் கிவு மாகாணங்களில் 2017-ல் ஒரு ஆய்வுக் குழு சுமார் 800 சாலைத் தடைகளைக் கணக்கிட்டது. பலவற்றில் ஆயுதம் ஏந்தியவர்கள் பணம் வசூலித்தார்கள். ஊரடங்கு இருந்தால் இரவில் எந்த விலைக்கும் வண்டி வராது.

5. டாக்டர்களும் நர்ஸுகளும் ஏன் விட்டுவிட்டு ஓடுகிறார்கள்? சேவை மனப்பான்மை எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது தவறான ஆளை நோக்கிப் போகிறது. ஏமனில் 2016 செப்டம்பரில் மத்திய வங்கி, ஹூதி கிளர்ச்சியாளர்கள் கையிலிருந்த தலைநகர் சனாவிலிருந்து அரசின் கையிலிருந்த ஏடனுக்கு மாற்றப்பட்டது. அந்தச் சமயத்திலிருந்து சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது, அல்லது எப்போதாவது வந்தது. அவர்களில் சுகாதார ஊழியர்களும் அடக்கம். மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வார்டுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸுகள் அங்கே இருந்தார்கள். வீட்டு வாடகை கொடுக்க முடியாத நிலையில் ஒருவர் தனியார் கிளினிக்குக்கோ வேறு வேலைக்கோ போனால் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

சம்பளம் நிற்பதன் அடுத்த கட்டம் ஏழையின் தலையில் விடிகிறது. இருக்கிற ஊழியர்கள் நோயாளியிடம் கையோடு காசு வாங்கத் தொடங்குவார்கள். காகிதத்தில் இலவசம் என்றிருக்கும் சிகிச்சைக்கு நடைமுறையில் ஒரு விலை வந்துவிடும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும் விலை.

சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் வெளிநாட்டு நிதி நின்றது. நாட்டின் மத்திய வங்கிக்குச் சொந்தமான சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடக்கப்பட்டது. மருத்துவமனைகள் மூடும் நிலைக்கு வந்தன. நவம்பரிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழு முதலில் 18, பின்னர் 33 மருத்துவமனைகளுக்குச் சம்பளமும் மருந்தும் எரிபொருளும் கொடுத்தது. அவை திறந்திருந்தன. 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டம் முடிந்தது.

6. மருந்து விலை ஏன் இப்படி ஏறுகிறது? பதுக்கலா?

பதுக்கலும் உண்டு, ஆனால் அது கடைசிக் கண்ணி. போருக்கு முன் சிரியா தனக்கு வேண்டிய மருந்துகளில் சுமார் 90 சதவீதத்தைத் தானே தயாரித்தது. அலெப்போ, ஹோம்ஸ், டமாஸ்கஸ் பக்கத்துத் தொழிற்சாலைகள் சேதமாயின அல்லது மூடப்பட்டன. உள்ளூர் மருந்தின் இடத்தில் இறக்குமதி மருந்து வந்தது. அதற்கு டாலர் வேண்டும். 2011-ல் ஒரு டாலருக்குச் சுமார் 47 சிரிய பவுண்டாக இருந்த மதிப்பு, 2023-ல் 10,000-ஐத் தாண்டியது. கூலி பவுண்டில், மருந்து டாலரில். இந்த இடைவெளிக்குள்தான் ஏழை விழுகிறார்.

துறைமுகம் அடிபட்டாலும் இதே கதை. ஏமனின் ஹுதைதாவில் 2015 ஆகஸ்டில் பளுதூக்கிகள் குண்டுவீச்சில் நாசமானதும் கப்பல்கள் சரக்கை இறக்கக் காத்துக் கிடந்தன. தாமதத்தின் செலவும் மருந்து விலையில் ஏறும். நல்ல மருந்து எட்டாத விலைக்குப் போகும்போது மலிவான போலி மருந்து வந்துவிடும். அரை டோஸ் வாங்குவோரும் பெருகுவர்.

7. அப்படியானால் ஆஸ்பத்திரிமேல் குண்டு போடுவது பெரிய காரணம் இல்லை என்கிறீர்களா?

இல்லை, அது மிகப் பெரிய காரணம், குற்றமும்கூட. பொதுமக்களுக்கான மருத்துவமனைகள் எந்தச் சூழலிலும் தாக்குதலுக்கு இலக்காகக் கூடாது என்று 1949-ன் நான்காம் ஜெனிவா ஒப்பந்தம் சொல்கிறது. ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் 2015 அக்டோபர் 3 அன்று எல்லைகளற்ற மருத்துவர்கள் நடத்திய மருத்துவமனை அமெரிக்க விமானத் தாக்குதலுக்கு உள்ளாகி 42 பேர் இறந்தார்கள். 2016 மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை இத்தகைய தாக்குதல்களைக் கண்டித்து 2286-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. தாக்குதல்கள் நிற்கவில்லை.

நான் வலியுறுத்துவது அதன் அடுத்த விளைவை. ஒரு அரசு மருத்துவமனை இடிந்தால் அந்த ஊர்ப் பணக்காரர் அடுத்த நகரத்துக்குப் போவார். ஏழைக்கு அந்த நகரம் கேள்வி 4-ல் சொன்ன தூரத்தில் இருக்கிறது. கட்டிடத்தை இடிக்காமலும் இதைச் செய்ய முடியும். எத்தியோப்பியாவின் டிக்ராயில் 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை எல்லைகளற்ற மருத்துவர்கள் 106 சுகாதார நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதம் சூறையாடப்பட்டிருந்தன. வழக்கம்போல் இயங்கியவை 13 சதவீதம்.

8. சின்னக் கட்டணம் வாங்கினால் என்ன தப்பு? சும்மா கிடைத்தால் மதிப்பு இருக்காதே?

இந்த வாதம் பழையது. 1987-ல் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் ஏற்றுக்கொண்ட பமாகோ முன்முயற்சியும், மருந்துக்கு நோயாளிகளிடம் ஓரளவு பணம் வாங்கி அதே பணத்தில் நிலையத்தை நடத்தலாம் என்ற எண்ணத்தில் எழுந்ததுதான். நோக்கம் நல்லது. ஆனால் மிக ஏழைகள் யாரென்று பார்த்து விலக்களிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் வேலை செய்யவில்லை. போர்க்காலத்தில் அதைச் செய்ய ஆளே இருக்காது.

ஜோர்டானில் நடந்ததைப் பாருங்கள். சிரிய அகதிகளுக்கு இருந்த இலவச சிகிச்சை 2014 நவம்பரில் நின்றது. காப்பீடு இல்லாத ஜோர்டானியர் கட்டும் சலுகைக் கட்டணத்தை அவர்களும் கட்ட வேண்டியதாயிற்று. 2018-ல் அது வெளிநாட்டவர் கட்டணத்தில் 80 சதவீதமாக உயர்ந்தது. 2019-ல் அரசே பழைய சலுகைக் கட்டணத்துக்குத் திரும்பியது. இடையில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போட்டார்கள். நிலைமை முற்றிய பிறகு வந்தால் ஆகும் செலவு யாருக்குமே லாபமில்லை.

மறுபக்கம் சியரா லியோன். உள்நாட்டுப் போர் முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குக் கட்டணத்தை எடுத்தார்கள். குழந்தைகளின் வருகை சட்டென்று பெருகியது. அத்தனை நோயாளிகளும் அதற்கு முன்பும் இருந்தவர்கள்தான், வரவில்லை, அவ்வளவே. கட்டணத்தை எடுத்த அதே சமயத்தில் ஊழியர் சம்பளத்தையும் உயர்த்தினார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதைச் செய்யாமல் கட்டணத்தை மட்டும் எடுத்தால் கேள்வி 5-ல் சொன்ன கைக்காசு வந்துவிடும்.

9. உயிர் பெரிதா, பணம் பெரிதா? கடன் வாங்கியாவது போகவேண்டாமா?

போகிறார்கள். மாட்டை விற்று, நகையை விற்று, விதைநெல்லுக்கு வைத்ததை விற்றுப் போகிறார்கள். போரில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் பொருளுக்கு விலை கிடைக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் கடனும் கிடைக்காது. அமைதிக் காலத்திலேயே, குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்தியத்துக்குப் போனால் அது அபாய எல்லை என்று ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் பல ஆண்டுகள் கணக்கிட்டன. ஒரு சிசேரியன் பல மாத வருமானத்தை விழுங்கும் இடத்தில் அந்த எல்லைக்கு அர்த்தமே இல்லை.

பணம் கட்டாத நோயாளியை, குழந்தை பெற்ற தாயைக்கூட, வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டில் பார்த்தவர் அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயப்படுவார். மூன்று தாமதங்களில் முதலாவது இப்படியும் நீள்கிறது.

10. சர்க்கரை, பிரஷர், டயாலிசிஸ் நோயாளிகள் போர் வந்தால் என்ன செய்வார்கள்?

செய்திகளில் வராமல் இறப்பவர்கள் இவர்கள். காயத்துக்கு ஒருமுறை செலவு, இவர்களுக்கு ஒவ்வொரு நாளும் செலவு. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலின் நின்றால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர் வீட்டில்தான் அந்தக் குளிர் இருக்கும். இலவசமாகக் குப்பி கிடைத்தாலும் ஏழை அதை எங்கே வைப்பார்?

டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு முறைக்கு மட்டும் சுத்திகரித்த தண்ணீர் சுமார் 120 லிட்டர் வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை சாவடி கடந்து வண்டி வாடகை கொடுத்துப் போவதை ஒரு கூலிக் குடும்பம் எத்தனை வாரம் தாங்கும்? முதலில் வாரம் இரண்டு என்று குறைப்பார்கள், அப்புறம் ஒன்று. டிக்ராயில் வங்கிகளும் தொலைபேசியும் முடங்கியிருந்த மாதங்களில் கணக்கில் பணம் இருந்தவர்களால்கூட எடுக்க முடியவில்லை. பணம் இல்லாதவர்கள் நிலையை விளக்கத் தேவையில்லை.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இடம்பெயர்ந்து பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம். அதன் சிகிச்சை இன்னும் கடினம், இன்னும் செலவு.

11. பிரசவம் இயற்கையானதுதானே? அந்தக் காலத்தில் வீட்டிலேயே பெறவில்லையா?

பெற்றார்கள், நிறையப் பேர் இறந்தும் போனார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏற்பட்டால் ஆரோக்கியமான பெண்ணே இரண்டு மணி நேரத்தில் இறக்கக்கூடும். அதைத் தடுக்கும் ஆக்சிடோசின் ஊசிக்கும் குளிர்ச்சி வேண்டும். வெப்பம் தாங்கும் மாற்று மருந்துகள் வந்திருக்கின்றன, எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை.

குடும்பத்தில் பணத்தைக் கையாள்பவர் பெரும்பாலும் ஆண். அவர் போரில் இருக்கலாம், பிடிபட்டிருக்கலாம், இறந்திருக்கலாம். துணைக்கு ஆண் இல்லாமல் பெண் சாவடியைக் கடக்க முடியாத இடங்களும் உண்டு. அப்போது துணைவருக்கும் சேர்த்துச் செலவு.

12. அகதியாக எல்லை தாண்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

உயிர் ஆபத்து குறையும், பணப் பிரச்சினை கூடவே வரும். ஜோர்டான் கதையைக் கேள்வி 8-ல் சொன்னேன். லெபனானில் ஐ.நா. அகதிகள் ஆணையம் உயிர்காக்கும் சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் மருத்துவமனைக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை ஏற்றுக்கொண்ட காலத்திலும், மீதி 25-ஐ அகதியே கட்ட வேண்டியிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லாதவர் எங்கிருந்து கட்டுவார்?

பதிவு அட்டை இல்லாதவர், அட்டை காலாவதியானவர் இன்னும் மோசம். ஆவணத்தைப் புதுப்பிக்கவும் பணம் வேண்டும், பிடித்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள் எண்ணிக்கையில் அகதிகளைவிட அதிகம். ஆனால் அவர்களுக்கென்று தனி ஆணையமே கிடையாது.

13. பொருளாதாரத் தடையிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு என்கிறார்களே. அப்புறம் எப்படித் தட்டுப்பாடு?

விலக்கு உண்டு. ஆனால் மருந்துக்கான பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். தடையை மீறியதாகப் பேர் வந்துவிடுமோ என்ற பயத்தில் வங்கிகள் சட்டப்படியான பரிமாற்றத்தையும் மறுக்கின்றன. கப்பல் காப்பீட்டுக்காரர்களும் அப்படியே. இதைச் சரிசெய்யத்தான் 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபை 2664-ஆம் தீர்மானத்தின் மூலம், ஐ.நா.வின் சொத்து முடக்கங்களிலிருந்து மனிதாபிமானப் பணிகளுக்குப் பொதுவான விலக்குக் கொடுத்தது.

முற்றுகை இதைவிடக் கொடியது. சிரியாவின் கிழக்கு கூட்டாவுக்கு 2018 மார்ச்சில் சென்ற நிவாரண வாகனங்களிலிருந்து மருத்துவப் பொருட்களில் 70 சதவீதம் இறக்கிவைக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவன அதிகாரி சொன்னார். அதில் இன்சுலினும் அறுவைச் சிகிச்சைப் பொருட்களும் இருந்தன. இலங்கையின் வன்னியில் 2009-ல் தரைவழி அடைபட்டிருந்தபோது, காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைக் குழு கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. அந்தக் கப்பலில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை.

14. ஏழை நாட்டில் போர் இல்லாவிட்டாலும் இதே நிலைதானே? போரை ஏன் சொல்ல வேண்டும்?

இது கடினமான கேள்வி. வறுமையின் பங்கு எவ்வளவு, போரின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது; ஒன்று மற்றதைப் பெருக்குகிறது. ஆனாலும் போருக்கு முன் சிரியா நடுத்தர வருமான நாடு. தடுப்பூசித் திட்டம் நன்றாக நடந்த நாடு. அங்கே போர் தொடங்கி இரண்டரை ஆண்டுகளில், 2013 அக்டோபரில், டெய்ர் எஸ்ஸோரில் போலியோ திரும்ப வந்தது உறுதியானது. ஏழை நாடு என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

மறுதிசையிலும் யோசியுங்கள். ஒரு நாட்டில் தலைநகரில் மட்டும் மருத்துவமனைகள் குவிந்து, எல்லையோர மாவட்டங்கள் பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்பட்டிருந்தால், போர் வரும்போது அந்த மாவட்டம் முதல் வாரத்திலேயே கைவிடப்படும். அந்தப் புறக்கணிப்பே சில இடங்களில் போருக்குக் காரணமாகவும் இருந்திருக்கிறது.

15. கோடிக்கணக்கில் உதவிப் பணம் போகிறதே. அதெல்லாம் எங்கே போகிறது?

களவும் நடக்கிறது, வழியில் ஆயுதக் குழுக்கள் வரியும் போடுகின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரிய ஓட்டை வேறு: கேட்ட பணமே வருவதில்லை. 2023-ல் உலக அளவில் ஐ.நா.வின் மனிதாபிமான முறையீடுகளுக்குக் கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் பல நாடுகளில் கிளினிக்குகள் சில வாரங்களிலேயே மூடின.

வருகிற பணமும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று துண்டு துண்டாக வருகிறது. ஒரு நர்ஸுக்கு ஐந்து ஆண்டு வேலை உறுதி கொடுக்க அதில் வழியில்லை. கூடாரம் போட, தடுப்பூசி முகாம் நடத்தப் பணம் கிடைக்கும். சர்க்கரை நோயாளிக்குப் பத்தாண்டு இன்சுலின் என்றால் யாரும் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.

16. சண்டை நின்றால் தானாகச் சரியாகிவிடுமா?

லைபீரியாவில் போர் 2003-ல் முடிந்தது, சியரா லியோனில் 2002-ல். இரண்டிலும் டாக்டர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருந்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 2014-ல் எபோலா இவ்விரு நாடுகளையும் கினியாவையும் தாக்கி 11,300-க்கும் அதிகமானோர் இறந்தபோது, அந்தப் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை என்பது தெரிந்தது. கட்டிடத்தை ஓராண்டில் கட்டலாம், டாக்டர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். விற்ற மாடும் நிலமும் திரும்ப வருவதற்கு அதைவிட அதிகக் காலம் ஆகலாம்.

17. சரி, எதுதான் உண்மையில் பலன் தந்திருக்கிறது?

சண்டையைச் சில நாள் நிறுத்துவது ஒன்று. எல் சால்வடாரில் 1985 முதல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆண்டுக்கு மூன்று நாட்கள் இரு தரப்பும் ஆயுதத்தை இறக்கிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வழிவிட்டன. சூடானில் 1995-ல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் முயற்சியில் நரம்புச் சிலந்தி நோய் ஒழிப்புக்காக வந்த போர் நிறுத்தம் ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது. காசாவில் 2024 செப்டம்பரில் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்தி, ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். தடுப்பூசிக்காக நிறுத்த முடிந்தவர்களால் இன்சுலினுக்காகவும் நிறுத்த முடியும் என்பதே என் வாதம்.

மற்றவை: கட்டணத்தை எடுப்பது, ஊழியர் சம்பளத்தை யார் ஆண்டாலும் தொடர்ந்து கொடுப்பது, வழிச்செலவுக்குக் கையில் காசு கொடுப்பது. கிராமத்திலேயே இருக்கும் சுகாதாரத் தொண்டருக்கு மூச்சை எண்ணவும், அமாக்ஸிசிலினும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுக்கவும் பயிற்சி தருவது. எனக்கு இந்தக் கடைசியில் நம்பிக்கை அதிகம். கேள்வி 3-ல் பார்த்த தாய் அந்த இரவை ஊகத்தில் கழிக்க வேண்டியிருக்காது.

18. செய்தியில் "பாதி மருத்துவமனைகள் இயங்குகின்றன" என்று வருகிறது. அப்படியானால் பாதிப் பேருக்கு வைத்தியம் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இயங்குகிறது என்றால் கதவு திறந்திருக்கிறது என்று மட்டும் பொருளாக இருக்கலாம். எத்தனை சேவைகள் நடக்கின்றன, அறுவை அரங்குக்கு மின்சாரம் இருக்கிறதா, ஊழியருக்குச் சம்பளம் வருகிறதா, மருந்து உள்ளே கிடைக்கிறதா, வெளியே சீட்டு எழுதுகிறார்களா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். நெருக்கடிக் காலத்துக்கான சர்வதேச ஸ்ஃபியர் தரநிலை, மக்களில் 80 சதவீதத்தினர் ஒரு மணி நேர நடைக்குள் அடிப்படைச் சிகிச்சையை அடைய வேண்டும், அதுவும் கட்டணமின்றி என்கிறது. செய்தியில் வரும் எண்ணை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணிய புள்ளிவிவரமா என்றும் கவனியுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர்கள் பெயர் மட்டுமே இருக்கும். வராதவர்களைத் தெரிந்துகொள்ள வீடு வீடாகப் போய், கடந்த மாதம் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, யார் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஏன் என்று கேட்ட கணக்கெடுப்பு வேண்டும். அப்படிப்பட்ட அறிக்கை கைக்குக் கிடைத்தால், போகாததற்கான காரணங்கள் உள்ள அட்டவணையை முதலில் படியுங்கள்.